பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பில் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள பதில்கள் 1987 முதல் 1996 வரை அமெரிக்காவில் விற்ற ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பையும், அதன் பின்புறம் உள்ள 8.8 அங்குல ஆக்சிலையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அந்த வண்டிகளில் பெரும்பாலானவை சாதாரண டிஃபரன்ஷியலுடன்தான் தொழிற்சாலையை விட்டு வெளியேறின. லிமிடெட் ஸ்லிப் வகையைக் கூடுதல் விலை கொடுத்துத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. பின்னாளில் அதைப் பொருத்திக்கொள்ள விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை வேலை நடக்கும் வரிசையிலேயே அமைத்திருக்கிறோம்.

சாதாரண டிஃபரன்ஷியலில் என்ன குறை?

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுப்பதே டிஃபரன்ஷியலின் வேலை, அதை அது குறையின்றிச் செய்கிறது. ஆனால் அது இரண்டு சக்கரங்களுக்கும் எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றிலோ பனியிலோ நின்று, அதைச் சுழற்றச் சிறிதளவு விசையே போதும் என்ற நிலை வந்தால், கெட்டியான தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே சிறிய விசைதான் போய்ச் சேரும். வழுக்கும் சக்கரம் வீணாகச் சுற்ற, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

பிக்கப்பில் இந்தக் குறை அதிகமாகத் தெரிவதற்குக் காரணம் அதன் எடைப் பங்கீடு. எஞ்சினும் கேபினும் முன்னால் இருக்க, பின்னால் இருப்பது வெறும் தொட்டி. சரக்கு ஏற்றாதபோது பின் சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைவு. படகை நீரில் இறக்கும் ஈரமான சரிவு, பனி உருகிய புல்வெளி, செங்குத்தான மண் பாதை ஆகிய இடங்களில் சரக்கில்லாத் தொட்டியுடன் நிற்கும் எஃப்-150 ஒற்றைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு தவிப்பதை அதை வைத்திருக்கும் எவரும் பார்த்திருப்பார்கள்.

லிமிடெட் ஸ்லிப் அதை எப்படிச் சரிசெய்கிறது?

ஃபோர்டு இந்த ஆக்சிலுக்குக் கொடுத்த வகையின் பெயர் டிராக்ஷன்-லாக். அதன் கேரியருக்குள், அதாவது டிஃபரன்ஷியல் கியர்களை உள்ளே வைத்துக்கொண்டு சுழலும் கூட்டுக்குள், பக்கவாட்டுக் கியர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கிளட்ச் அடுக்கு இருக்கும். உராய்வுப் பூச்சுள்ள தட்டுகளும் வெறும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்க, நடுவில் எஸ் வடிவில் வளைந்த ஒரு ஸ்பிரிங் இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டிருக்கும். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுழல முயன்றால், அந்தத் தட்டுகள் ஒன்றோடொன்று உராய்ந்து அதைப் பிடித்து இழுக்கும். அப்படி எதிர்க்கும் விசை மறு சக்கரத்துக்குப் போகிறது. எஞ்சினிலிருந்து வரும் விசை கூடும்போது கியர்கள் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுவதால் பிடிப்பும் கூடும்.

பெயர் சொல்வது போலவே, இது வழுக்கலைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது. இரண்டு சக்கரங்களையும் பூட்டிவிடும் லாக்கர் வேறு பொருள்.

என் வண்டியில் ஏற்கெனவே லிமிடெட் ஸ்லிப் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள சான்றுத் தாளில் ஆக்சிலுக்கான இரண்டிடக் குறியீடு இருக்கும். இரண்டும் எண்களாக இருந்தால் சாதாரண வகை, முதலில் ஆங்கில எழுத்து வந்தால் லிமிடெட் ஸ்லிப். உதாரணமாக, 19 என்பது 3.55 விகிதமுள்ள (அதாவது புரொப்பல்லர் ஷாஃப்ட் 3.55 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்) சாதாரண ஆக்சில், எச்9 என்பது அதே விகிதத்தில் லிமிடெட் ஸ்லிப். ஆக்சில் மூடியின் போல்ட் ஒன்றில் மாட்டியுள்ள சிறிய தகட்டிலும் இதைப் பார்க்கலாம். விகிதத்தில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எல் என்ற எழுத்து இருந்தால், அதாவது 3எல்55 அல்லது 3எல்73 என்று பொறித்திருந்தால், அது லிமிடெட் ஸ்லிப்.

தாளும் தகடும் முப்பது வருடத்துக்கு முந்தைய நிலையைத்தான் சொல்லும், இடையில் யாராவது ஆக்சிலை மாற்றியிருக்கலாம். ஆகவே கையால் சோதிப்பதே நம்பகமானது. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலின் இரு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, கியரைப் போட்டு, ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரம் எதிர்த்திசையில் லேசாகச் சுழன்றால் அது சாதாரண வகை, அல்லது கிளட்ச் தட்டுகள் முழுதும் தேய்ந்துபோன டிராக்ஷன்-லாக். சுழலாமல் இறுக்கமாக நின்றால் லிமிடெட் ஸ்லிப் உள்ளே இருக்கிறது, வேலையும் செய்கிறது. கைச்சோதனையும் கதவுக் குறியீடும் முரண்பட்டால், மூடியைத் திறந்து எஸ் ஸ்பிரிங் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. தட்டுகளை மாற்றினாலே போதும் என்றால், இந்தப் பக்கத்தில் உள்ள பாதி வேலை உங்களுக்குத் தேவையில்லை.

பின்னால் இருப்பது 8.8 தானா என்று எப்படி உறுதிசெய்வது?

8.8 ஆக்சிலுக்குப் பின்பக்கம் பத்து போல்ட்டுகள் உள்ள மூடி இருக்கும். பின்பக்க மூடியே இல்லாமல், டிஃபரன்ஷியல் முழுவதையும் முன்பக்கமாகக் கழற்றும் அமைப்பு இருந்தால் அது ஃபோர்டின் 9 அங்குல ஆக்சில். 1980களின் முதல் பாதியில் வந்த எஃப்-150 சிலவற்றில் அதைப் பார்க்கலாம். அதற்கு இங்கே சொல்லும் முறை பொருந்தாது.

எந்த வண்டியிலிருந்து எடுத்த கேரியர் பொருந்தும்?

8.8 ஆக்சில் எஃப்-150, எக்ஸ்புளோரர், ரேஞ்சர், மஸ்டாங் எனப் பல வண்டிகளில் வந்தது. காயலாங்கடையில் அவை எல்லாம் கிடைக்கும், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஆனால் ஆக்சில் ஷாஃப்ட்டின் நுனியில் உள்ள பற்களின் எண்ணிக்கை ஒன்றல்ல. எஃப்-150 ஷாஃப்ட்டில் 31 பற்கள் உண்டு. பெரும்பாலான ரேஞ்சர்களிலும் பழைய மஸ்டாங்குகளிலும் 28 மட்டுமே. 28 பல் கேரியருக்குள் 31 பல் ஷாஃப்ட் நுழையாது.

எஃப்-150க்குத் தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது லிமிடெட் ஸ்லிப் உள்ள இன்னொரு எஃப்-150. அது கிடைக்காவிட்டால், 1995 முதல் 2001 வரையிலான எக்ஸ்புளோரர். அதிலும் 31 பல்தான், பின்பக்கம் டிஸ்க் பிரேக் இருப்பதால் அடையாளம் காண்பதும் எளிது. அதன் கதவுத் தாளில் டி4 என்றிருந்தால் 3.73 விகிதமும் லிமிடெட் ஸ்லிப்பும் சேர்ந்து இருக்கின்றன என்று பொருள். கடைக்காரர் என்ன சொன்னாலும், கேரியருக்குள் விளக்கடித்து, பக்கவாட்டுக் கியரின் உட்பற்களை ஒரு சாக்பீஸ் குறியிலிருந்து தொடங்கி எண்ணிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

எக்ஸ்புளோரரின் விகிதம் 3.73, என் வண்டியின் விகிதம் 3.55. இது பிரச்சினையாகுமா?

ஆகாது. நீங்கள் எடுப்பது கேரியரை மட்டும். விகிதத்தை நிர்ணயிக்கும் கிரவுன் வீலும் (கேரியரில் மாட்டிய பெரிய பல்சக்கரம்) பினியனும் (அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) உங்கள் வண்டியில் ஏற்கெனவே உள்ளவையே தொடரும். சில ஆக்சில்களில் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் வேறு கேரியர் தேவைப்படும், டானா 44 அந்த வகை. 8.8இல் அந்தத் தொல்லை இல்லை.

கேரியரோடு கிரவுன் வீலையும் பினியனையும் சேர்த்து எடுத்து விகிதத்தையும் மாற்றலாமே என்று சிலர் நினைப்பார்கள். அது இரட்டிப்பு வேலை மட்டுமல்ல, நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் ஆக்சிலின் விகிதத்தையும் மாற்றியே ஆக வேண்டும். தொழிற்சாலையில் பின்னால் 3.55, முன்னால் 3.54 என்று இணைத்திருப்பார்கள். அந்த அளவு வேறுபாடு பரவாயில்லை. 3.73க்கும் 3.54க்கும் உள்ள வேறுபாடு, கெட்டித் தரையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டவுடனே, முன் பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸை முறுக்க ஆரம்பித்துவிடும்.

கேரியரை மாற்றுவதைவிட முழு ஆக்சிலையே மாற்றுவது எளிதல்லவா?

அதே தலைமுறை எஃப்-150இன் ஆக்சில், அதே விகிதத்தில், லிமிடெட் ஸ்லிப்புடன், துருப்பிடிக்காமல் கிடைத்தால் அதுவே மிக எளிய வழி. யூ போல்ட்டுகள், பிரேக் குழாய், பார்க்கிங் பிரேக் கேபிள், புரொப்பல்லர் ஷாஃப்ட் இவற்றோடு வேலை முடிந்துவிடும், எதையும் அளக்க வேண்டியதில்லை. ஆனால் அப்படி ஒன்று கிடைப்பது அரிது. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களிலிருந்து வந்த ஆக்சிலாக இருந்தால், பிரேக் குழாய் இணைப்புகள் துருவில் ஒட்டிப்போய், கழற்றும்போதே முறிந்துவிடும்.

எக்ஸ்புளோரரின் முழு ஆக்சில் எஃப்-150க்கு ஆகாது. அது குறுகலானது, சக்கர போல்ட்டுகளின் வட்டமும் வேறு: எஃப்-150க்கு 5.5 அங்குல வட்டம், எக்ஸ்புளோரருக்கு 4.5. ரேஞ்சர் வைத்திருப்போர் அதை விரும்பி வாங்குவதற்குக் காரணம் அவர்கள் வண்டியிலும் 4.5 அங்குல வட்டம் இருப்பதுதான். அங்கேயும் ஸ்பிரிங் உட்காரும் இருக்கைகளை வெட்டி வேறிடத்தில் வெல்டு செய்ய வேண்டும், ஏனெனில் எக்ஸ்புளோரரில் ஆக்சில் ஸ்பிரிங்குக்கு மேலேயும் ரேஞ்சரில் கீழேயும் இருக்கும்.

டிராக்ஷன்-லாக் போதுமா, வேறு வகைகளைப் பார்க்க வேண்டுமா?

அன்றாடம் ஓட்டும், அவ்வப்போது பாரம் இழுக்கும் பழைய பிக்கப்புக்குப் புதுப்பித்த டிராக்ஷன்-லாக் தாராளமாகப் போதும் என்பது எங்கள் கருத்து. புதிதாகவே வாங்கும் வசதி இருந்தால் ஈட்டன் நிறுவனத்தின் ட்ரூட்ராக் அதைவிட மேல். அதில் கிளட்ச் தட்டுகளே கிடையாது. சாய்பற்கள் கொண்ட கியர்கள் விசை கூடும்போது கேரியரின் சுவரோடு அழுந்திப் பிடிப்பை உண்டாக்குகின்றன. ஆகவே தேய்வதற்கும் அதிகம் இல்லை, ஆயிலில் தனிக் கலவையும் வேண்டாம்.

செவ்ரலே பிக்கப்புகளில் ஜி80 என்ற குறியீட்டோடு வரும் வகை இவற்றுக்கு உறவினன் அல்ல. இரண்டு சக்கரங்களின் சுழற்சி வேறுபாடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 100ஐத் தாண்டினால் அது முழுவதுமாகப் பூட்டிக்கொள்ளும், வேகம் மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு பூட்டாது. இந்தியாவில் மஹிந்திரா தாரில் வரும் ஈட்டன் லாக்கிங் டிஃபரன்ஷியல் இந்த வகையைச் சேர்ந்ததே.

கேரியரை அப்படியே விட்டுவிட்டு உள்ளேயுள்ள ஸ்பைடர் கியர்களுக்கு, அதாவது டிஃபரன்ஷியலின் சிறிய கியர்களுக்குப் பதிலாகப் போடும் சிறிய லாக்கர்களும் விற்பனையில் உண்டு. விலை குறைவு, பேக்லாஷை (கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள சிறு தளர்வை) அளந்து அமைக்கும் வேலை இல்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் டக் டக் என்று சத்தம் கேட்கும், டயரும் விரைவில் தேயும். காட்டுப் பாதைக்கென்றே வைத்திருக்கும் வண்டிக்கு அது சரி, பள்ளிக்கும் கடைக்கும் போய் வரும் வண்டிக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

பழைய டிராக்ஷன்-லாக் வாங்கினால் கிளட்ச் தட்டுகளை மாற்றத்தான் வேண்டுமா?

மாற்றிவிடுங்கள். கேரியர் வெளியே இருக்கும்போது அது ஒரு மாலை நேர வேலை. உள்ளே போட்ட பிறகு ஆக்சிலை மறுபடியும் பிரிக்க வேண்டிவரும். புதிய உராய்வுத் தட்டுகளை, ஆயிலில் சேர்க்கும் உராய்வு மாற்றிக் கலவையில் கால் மணி நேரமாவது ஊறவைத்து, கிட்டுடன் வரும் படத்தில் உள்ள வரிசைப்படி அடுக்குங்கள். எஸ் ஸ்பிரிங்கைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் அது தெறிக்கும். கண்ணாடி போடாமல் அதன் எதிரே முகத்தை வைக்காதீர்கள்.

வேலைக்கு என்னென்ன கருவிகள் வேண்டும்?

சாதாரண ஸ்பானர் பெட்டிக்கு மேலே மூன்று பொருள்கள் இல்லாமல் தொடங்கவே கூடாது: காந்த அடி உள்ள டயல் கேஜ், டார்க் ரெஞ்ச், கியர்ப் பற்களில் பூசும் குறிச்சாயம். புதிய பேரிங்குகளைக் கேரியரில் ஏற்ற ஒரு பிரஸ் தேவை. அது இல்லாதவர்கள் கேரியரையும் பேரிங்கையும் ஒரு லேத் பட்டறையில் கொடுத்தால் சில நிமிடங்களில் அழுத்திக் கொடுத்துவிடுவார்கள். மென்மையான தலையுள்ள சுத்தியல், நீண்ட கடப்பாரை, எஃகு ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) தொகுப்பு ஆகியவையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிரிப்பதற்கு முன்பே அளக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, இந்த வேலை முழுவதும் அதில்தான் நிற்கிறது. ஆயில் நிரப்பும் துளையின் அடைப்பு கழல்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, மூடியைக் கழற்றி ஆயிலை வடித்து, கிரவுன் வீலின் பற்களைத் துடைத்து, ஒரு பல்லின் மேல் டயல் கேஜின் முனையை அந்தப் பல்லுக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு, கிரவுன் வீலை முன்னும் பின்னும் ஆட்டினால் முள் நகரும் தூரமே பேக்லாஷ். சக்கரத்தைச் சுற்றி நான்கு இடங்களில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு சில பற்களில் குறிச்சாயத்தைப் பூசிச் சுற்றி, பினியன் பல் எந்த இடத்தில் தொடுகிறது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆக்சிலுக்குக் கையேடு சொல்லும் பேக்லாஷ் 0.008 முதல் 0.015 அங்குலம் வரை, அதாவது ஏறக்குறைய 0.20 முதல் 0.38 மில்லிமீட்டர். ஆனால் பல ஆண்டுகள் ஒன்றோடொன்று ஓடிப் பழகிய பற்களுக்குக் கையேட்டு அளவின் நடுப்புள்ளியைவிட அவற்றின் பழைய அளவே முக்கியம். வண்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, பேக்லாஷ் 0.013 இருந்தது என்றால், புதிய கேரியரைப் போட்ட பிறகும் 0.013க்கு வெகு அருகில் கொண்டுவாருங்கள். அதை 0.009க்கு இறுக்கினால் கையேட்டின்படி சரியாகத்தான் இருக்கும், நெடுஞ்சாலையில் ஊளைச் சத்தம் மட்டும் புதிதாகச் சேர்ந்திருக்கும்.

ஆக்சில் ஷாஃப்டுகளை எப்படி வெளியே எடுப்பது?

ஆயில் நிரப்பும் துளையின் அடைப்பைக் கழற்ற முடிகிறதா என்பதை மூடியைத் திறப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். இந்த ஆக்சிலில் வடிக்கும் துளை இல்லை, மூடியைக் கழற்றித்தான் ஆயிலை வடிக்க வேண்டும். வடித்து முடித்த பிறகு நிரப்பும் அடைப்பு துருவில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

சக்கரங்களையும் பிரேக் டிரம்களையும் கழற்றுங்கள். கேரியரின் நடுவே போகும் குறுக்குத் தண்டைப் பிடித்திருக்கும் சிறிய பூட்டு போல்ட்டைத் தளர்த்த வேண்டும். இந்த போல்ட் மெலிதானது, முறிவதில் பெயர் பெற்றது. அதன் தலையில் சரியாகப் பொருந்தும் ஆறுமுக ஸ்பானரைப் போட்டு நிதானமாகத் திருப்புங்கள். திரும்பப் போடும்போது பழையதைப் போடாதீர்கள், புதிய போல்ட்டில் இழைப்பூட்டுத் திரவம் தடவி 15 முதல் 30 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். போல்ட் வந்ததும் குறுக்குத் தண்டை உருவிவிட்டு, ஷாஃப்ட்டை வெளியிலிருந்து உள்நோக்கித் தள்ளினால் அதன் நுனியில் உள்ள சி வடிவக் கிளிப் விழும். இரண்டு பக்கமும் கிளிப்பை எடுத்த பிறகு ஷாஃப்டுகளை நேராக வெளியே இழுக்கலாம். குறுக்குத் தண்டு இல்லாத நிலையில் கேரியரைச் சுற்றினால் ஸ்பைடர் கியர்கள் உருண்டு வந்து கையில் விழும்.

ஷாஃப்ட் வெளியே இருக்கும்போது, அதில் பேரிங் உருளைகள் ஓடும் பட்டையை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள். இந்த அமைப்பில் உருளைகள் நேரடியாக ஷாஃப்ட்டின் மேலேயே ஓடுவதால், அந்த இடத்தில் பள்ளமோ கரடோ இருந்தால் பேரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆயில் சீல்களை எப்படியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆக்சிலின் மேலே உள்ள காற்றுக் குழாய் அடைபட்டிருந்தால் புதிய சீலும் சீக்கிரமே கசியும், ஊதிப் பாருங்கள்.

கேரியரைக் கழற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பேரிங்கைப் பிடித்திருக்கும் இரண்டு தொப்பிகளும் அந்தந்தப் பக்கத்திலேயே வைத்துத் துளையிடப்பட்டவை. எது இடது, எது வலது, எந்தப் பக்கம் மேல் என்று சென்டர் பஞ்ச் கருவியால் புள்ளி குத்தி வையுங்கள். இடம் மாறிப் போட்டால் பேரிங் வட்டமாக உட்காராது. கேரியர் தன் இரு பக்க ஷிம்களுக்கு இடையே இறுக்கமாக அமர்ந்திருக்கும், கடப்பாரையால் நெம்பினால்தான் வரும். வரும்போது அது மடியில் விழும் கனமுள்ளது என்பதை மறக்க வேண்டாம். எந்த ஷிம் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கயிறு கட்டி வைத்து, மைக்ரோமீட்டரால் தடிமனை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

கிரவுன் வீலைப் புதிய கேரியருக்கு மாற்றுவது எப்படி?

போல்ட்டுகளைத் தளர்த்தி, அவற்றின் தலைகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மெல்லத் தட்டினால் கிரவுன் வீல் சமமாக இறங்கும். 8.8இல் இவை வழக்கமான வலப்பக்க இழை. செவ்ரலே அல்லது கிரைஸ்லர் ஆக்சில்களில் வேலை செய்தவர்கள் இடப்பக்க இழைக்குப் பழகியிருப்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறோம். கேரியர் விளிம்பில் உள்ள சிறு பிசிறுகளை எண்ணெய்க் கல்லால் தேய்த்து நீக்கி, கிரவுன் வீலைச் சுடுநீரில் வைத்துச் சற்றுச் சூடாக்கினால் சுலபமாக உட்காரும். காஸ் நெருப்பைக் காட்டினால் பற்களின் கடினத்தன்மை போய்விடும். போல்ட்டுகளை எதிரெதிராக 70 முதல் 85 அடி-பவுண்டு வரை, அதாவது 95 முதல் 115 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். பேரிங் தொப்பிகளுக்கும் அதே அளவுதான்.

ஏபிஎஸ் சென்சாருக்கான பல் வளையத்தை என்ன செய்வது?

பலர் மறந்துவிடுவது இதைத்தான். 1987 முதல் எஃப்-150இல் பின் சக்கர ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உண்டு. அதன் சென்சார் ஆக்சிலின் மேல் நின்று, கேரியரில் கிரவுன் வீலை ஒட்டி அழுத்தப்பட்டிருக்கும் பல் வளையத்தைப் படிக்கிறது. 1992 முதல் ஸ்பீடோமீட்டரும் இதே சென்சாரிலிருந்துதான் வேகத்தைப் பெறுகிறது. ஆகவே வளையம் இல்லாத கேரியரைப் போட்டுவிட்டால் ஏபிஎஸ் விளக்கு எரிவதோடு வேகமுள்ளும் பூஜ்யத்திலேயே படுத்துவிடும். வாங்கும் கேரியரில் வளையம் இருந்தால் பற்களை எண்ணி உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் புதியது வாங்கிச் சூடாக்கி இறக்குங்கள். பழைய வளையத்தைத் தட்டிக் கழற்றினால் பெரும்பாலும் கோணிப்போகும்.

பினியனைத் தொட வேண்டுமா?

வேண்டாம். பினியனின் ஆழத்தை நிர்ணயிப்பது ஹவுசிங்கும் (ஆக்சிலின் வெளிக்கூடு) பினியனுக்குப் பின்னால் உள்ள ஷிம்மும்தான், கேரியருக்கு அதில் பங்கில்லை. பினியன் சீல் கசியாமலும் பேரிங் ஆடாமலும் இருந்தால் அந்த நட்டின் பக்கமே போகாதீர்கள். அதன் பின்னால் நசுங்கி உட்காரும் ஸ்லீவ் ஒன்று உள்ளது, அதைக் கலைத்தால் முன்னழுத்தத்தை, அதாவது பினியன் பேரிங்குகளின் இறுக்கத்தை, மறுபடி முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

பேக்லாஷை எப்படிச் சரிசெய்வது?

புதிய பேரிங்குகள் ஏற்றிய கேரியரை, பழைய ஷிம்களின் அதே தடிமனில் ஆரம்பித்து உள்ளே வையுங்கள். தொழிற்சாலை ஷிம்கள் வார்ப்பிரும்பு, சுத்தியல் பட்டால் உடையும். ஆகவே அவற்றின் அளவுக்கு எஃகு ஷிம்களை அடுக்கிப் பயன்படுத்துங்கள். கடைசி ஷிம் விரலால் தள்ளி நுழையக் கூடாது, மென்சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். அந்த இறுக்கமே பேரிங்குகளின் முன்னழுத்தம். விரலோடு நுழைந்தால் இரு பக்கமும் சம அளவு தடிமன் கூட்டுங்கள்.

தொப்பிகளை இறுக்கி, கேரியரைச் சில சுற்றுகள் சுற்றிவிட்டு அளந்து பாருங்கள். பேக்லாஷ் அதிகமாக இருந்தால் கிரவுன் வீல் பினியனை நோக்கி நகர வேண்டும். கிரவுன் வீலின் பற்கள் நோக்கும் பக்கத்திலிருந்து ஒரு ஷிம்மை எடுத்து, அதன் முதுகுப் பக்கத்தில் சேருங்கள். குறைவாக இருந்தால் எதிர்மாறு. எந்தப் பக்கம் எடுக்கிறீர்களோ, அதே தடிமனை மறு பக்கத்தில் சேர்த்தால்தான் முன்னழுத்தம் மாறாமல் இருக்கும். 0.010 அங்குலம் ஷிம் மாறினால் பேக்லாஷ் ஏறக்குறைய 0.007 மாறும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று முறை போட்டு எடுப்பதில் வந்து நிற்கும். நான்கு இடங்களில் அளக்கும்போது ஒன்றுக்கொன்று பெரிய வேறுபாடு தெரிந்தால், கிரவுன் வீலின் அடியில் அழுக்கோ பிசிறோ சிக்கியிருக்கிறது. ஷிம்மால் அதைச் சரிசெய்ய முடியாது, கழற்றித் துடைக்கத்தான் வேண்டும்.

கடைசியாகக் குறிச்சாயம் பூசி, முன்பு எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். பினியன் ஆழம் மாறாததால் தடம் பழைய இடத்திலேயே விழ வேண்டும்.

எந்த ஆயில், எவ்வளவு?

பொது ஓட்டத்துக்கு 80டபிள்யூ-90 கியர் ஆயில், அடிக்கடி டிரெய்லர் இழுப்போருக்கு 75டபிள்யூ-140 சிந்தடிக். ஏறக்குறைய 2.6 லிட்டர் பிடிக்கும். நிரப்பும் துளையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றினால் போதும். டிராக்ஷன்-லாக் என்றால் ஃபோர்டின் உராய்வு மாற்றிக் கலவை 4 அவுன்ஸ், அதாவது சுமார் 118 மில்லிலிட்டர், முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு ஆயிலை நிரப்புங்கள். மூடிக்கு கேஸ்கெட் கிடையாது, சிலிகான் பசைதான். இரு முகங்களிலும் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்துப் பூசி, பசை காய்ந்த பிறகே ஆயில் ஊற்றுங்கள்.

மெதுவாகத் திரும்பும்போது பின்னால் நடுக்கமும் முனகலும் வருகிறதே?

கிளட்ச் தட்டுகள் வழுக்கிச் செல்லாமல் பிடித்துப் பிடித்து விடுவதால் வரும் ஒலி அது. உராய்வு மாற்றி இல்லாவிட்டாலோ குறைந்தாலோ இப்படி வரும். காலியான மைதானத்தில் எட்டு வடிவத்தில் மெதுவாகப் பல முறை ஓட்டினால் கலவை தட்டுகளுக்கு இடையே புகுந்து ஒலி அடங்கும். அடங்காவிட்டால் சிறிது சிறிதாகக் கலவையைச் சேர்க்கலாம். அளவுக்கு மீறினால் பிடிப்பே போய்விடும்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் உதவுமா?

குறைவாகவே உதவும். தொங்கும் சக்கரத்தில் எதிர்ப்பு இல்லாததால், ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே மறு சக்கரத்துக்கு விசையைக் கொடுக்கும். ட்ரூட்ராக்கும் இந்த நிலையில் அதிகம் உதவாது. அப்போது பார்க்கிங் பிரேக்கை லேசாக மிதித்தபடி மெல்ல ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால், தொங்கும் சக்கரத்துக்குச் செயற்கையாக ஓர் எதிர்ப்பு கிடைத்து மறு சக்கரத்துக்கு விசை கூடும்.

பனிச் சாலையில் ஏதாவது ஆபத்து உண்டா?

உண்டு. சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழலும்போது மறு சக்கரம் சுழலாமல் உருண்டு வண்டியின் பின்பகுதியை நேராகப் பிடித்திருக்கும். லிமிடெட் ஸ்லிப்பில் இரண்டும் சேர்ந்து சுழலக்கூடும். அப்போது பக்கவாட்டுப் பிடிப்பும் போய், நடுவில் மேடான சாலையின் சரிவுப் பக்கம் பின்பகுதி நகரும். பனிக்கட்டி படிந்த சாலையில் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மென்மையாகக் கையாள வேண்டும், தொட்டியில் ஆக்சிலுக்கு நேர் மேலே சில மணல் மூட்டைகள் வைப்பதும் நல்லது.

பட்டறையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டிக் கியர் போடும் பழைய பழக்கத்தை இனி விட்டுவிடுங்கள். தரையில் நிற்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும்.

பொருத்திய பிறகு பராமரிப்பு என்ன? தட்டுகள் தேய்ந்துவிட்டதை எப்படி அறிவது?

புதிய தட்டுகள் போட்டிருந்தால், முதல் 500 மைல் ஓடிய பின் ஆயிலையும் கலவையையும் மாற்றிவிடுவது நல்ல வழக்கம். ஆக்சிலுக்குள் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல ஒட்டியிருப்பது இயல்பு, துகள்களோ சில்லுகளோ தென்பட்டால்தான் கவலைப்பட வேண்டும். பின் டயர்கள் இரண்டும் ஒரே அளவிலும் ஒரே தேய்மானத்திலும் இருக்கட்டும். ஒன்று சிறியதாக இருந்தால் நேர்ச்சாலையிலும் தட்டுகள் ஓயாமல் உராய்ந்துகொண்டே இருக்கும்.

பிடிப்பை அளப்பதற்கு, ஒரு பின் சக்கரத்தைத் தரையிலும் மற்றதைத் தூக்கியும் வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் விட்டு, எஞ்சினை அணைத்தபடி, தூக்கிய பக்க ஆக்சிலின் மையத்தில் டார்க் ரெஞ்சைப் பொருத்தித் திருப்புங்கள். அது நகரத் தொடங்கும் அளவு குறைந்தது 20 அடி-பவுண்டு, அதாவது சுமார் 27 நியூட்டன் மீட்டர் இருக்க வேண்டும். புதிதாகப் புதுப்பித்ததில் இது அதைவிடப் பல மடங்கு இருக்கும். 20க்குக் கீழே இறங்கியிருந்தால் தட்டுகளை மாற்றும் காலம் வந்துவிட்டது. அப்போது தட்டுகளை மட்டும் மாற்றி, கேரியரை அதே ஷிம்களோடு அதே பக்கங்களில் திரும்ப வைத்தால் பேக்லாஷ் பழைய இடத்திலேயே வந்து நிற்கும். ஆகவே முதல் முறை எழுதிய ஷிம் அளவுகளையும் பேக்லாஷ் எண்களையும் வண்டியின் கையேட்டுக்குள் செருகி வையுங்கள்.